கடவுள் மகன்னு ஒரு லேபிள்!



இந்த வாரம் ஒரு சின்ன வேலையோட ஆரம்பிப்போம். நீங்க போட்டிருக்கிற டி-ஷர்ட்டோட கழுத்துக்குப் பின்னாடி கை விட்டு, அங்க தைச்சிருக்கிற லேபிளைத் தொட்டுப் பாருங்க. திருப்பூர்க்காரங்களுக்கு இதுல ரகசியமே கிடையாது. ஒரே நூல், ஒரே நிட்டிங், ஒரே டையிங், ஒரே பவர் டேபிள், பிசிறு வெட்டுறதும் அதே அக்காதான். கடைசியில ஒரு லேபிள் ஏறினா அது காதர்பேட்டையில பேரம் பேசி வாங்குற சரக்கு. வேற லேபிள் ஏறினா ஏசி ஷோரூம்ல பத்து மடங்கு விலை. துணி மாறலை. கழுத்துல தைச்ச ரெண்டு வார்த்தைதான் மாறுச்சு.

இந்த லேபிள் வித்தையை உலகத்துலயே பெரிய லெவல்ல செஞ்சு காட்டின ஒரு பதினெட்டு வயசுப் பையனோட கதைதான் இன்னைக்கு. பையன் ரோம் நகரத்துக்காரன். ஆனா அவன் தைச்ச லேபிள் நம்ம நொய்யல் கரை வரைக்கும் வந்து இறங்கியிருக்கு. அடிச்சு விடலைங்க, மண்ணுக்குள்ளேர்ந்து எடுத்திருக்காங்க!

அந்தக் காலத்து டாலர்

கோயமுத்தூர் பக்கத்துல நொய்யல் ஓரமா இருக்கிற வெள்ளலூர் தெரியுமில்ல? அங்க 1842-ல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலா கிடைச்சுது. 1891-லயும் 1931-லயும் அதே ஊர்ல மறுபடி கிடைச்சுது. திருப்பூருக்குக் கிழக்கே கத்தாங்கண்ணியில 1913-ல் ஒரு வெள்ளிக்காசுப் புதையல். கரூர்ல அமராவதி ஆத்து மணல்லயே ரோமானியக் காசு பொறுக்கியிருக்காங்க.

ரோமுக்கும் நமக்கும் என்ன கொடுக்கல் வாங்கல்? எக்ஸ்போர்ட்தான்! காங்கேயம் பக்கம் படியூர்ல பச்சைக்கல் கிடைச்சுது. ஆங்கிலத்துல பெரில்னு சொல்வாங்களே, அது. சென்னிமலை பக்கம் கொடுமணல்ல அதைப் பட்டை தீட்டி மணியாக்குற பட்டறைங்க இருந்துச்சு. 1980-கள்ல தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்க அகழாய்வு பண்ணினப்போ கல்மணி, இரும்பு உருக்குற உலை, எழுத்து கீறின பானை ஓடுன்னு அள்ளி அள்ளி எடுத்தாங்க. சேர நாட்டு முசிறித் துறைமுகத்துல கப்பல் நிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியா நொய்யல் ஓரமாவே வந்தா கரூர். நடுவுல நம்ம ஊரு. பிளினின்னு ஒரு ரோமானிய எழுத்தாளர் கி.பி. முதல் நூற்றாண்டுலயே மூக்கால அழுதிருக்கார்: வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகுதே, போகுதேன்னு. அதாவது, 'டாலர் சிட்டி'ங்கிற பேருக்கு நமக்கு ரெண்டாயிரம் வருஷ சீனியாரிட்டி இருக்கு.

சரி, அந்தக் காசுல என்ன எழுதியிருந்துச்சு? இங்கதான் மேட்டரே.

இந்தியாவுல கிடைச்ச ரோமானிய வெள்ளிக்காசுகள்ல ரெண்டு வகைதான் ரொம்ப அதிகம். ஒண்ணு அகஸ்டஸ் அடிச்சது. இன்னொண்ணு அவருக்கு அடுத்து வந்த டைபீரியஸ் அடிச்சது. ரெண்டுலயும் தலையைச் சுத்தி லத்தீன்ல பேரும் பட்டமும். முதல் காசுல 'திவி ஃபிலியுஸ்'னு இருக்கும். அர்த்தம், கடவுளின் மகன்! ரெண்டாவது காசுல 'கடவுள் அகஸ்டஸின் மகன்'. அந்த 'திவி'ங்கிற சொல்லும் நம்ம பக்கம் புழங்குற 'தேவன்', 'திவ்யம்'ங்கிற வடமொழிச் சொற்களும் ஒரே வேர்லேர்ந்து கிளைச்ச பங்காளிங்கதான். (உங்க கிளாஸ் திவ்யாகிட்ட இதைச் சொல்லி சீன் போட்டுக்கோங்க!)

ஆக, கத்தாங்கண்ணியில கல்மணிக்குக் கூலி வாங்கின ஒரு ஆளோட மடியில, கடவுள் மகனோட விசிட்டிங் கார்டு இருந்திருக்கு. அவருக்கு லத்தீன் படிக்கத் தெரிஞ்சிருக்காது. வெள்ளி எவ்வளவு எடைங்கிறது மட்டும் நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

அத்தை செத்த வீட்டுல ஒரு பில்டப்

இந்தக் கடவுள் பிசினஸ் எப்படி ஆரம்பிச்சுது? கி.மு. 69. ஜூலியஸ் சீசருக்கு முப்பத்துச் சொச்சம் வயசு. அரசியல்ல இப்பத்தான் ஏணியில கால் வைக்கிறார். அவரோட அத்தை ஜூலியா இறந்துட்டாங்க. ரோமானியப் பெரிய வீட்டு வழக்கப்படி பொது இடத்துல இரங்கல் உரை. நம்மாள் எழுந்து, எங்க அத்தையோட அம்மா வழி ரோமின் பழைய ராஜா ஆங்கஸ் மார்சியஸ் வம்சம், அப்பா வழி வீனஸ் தேவதையோட வம்சம்னு ஒரு போடு போட்டார். எழவு வீட்டுல வாரிசுப் போஸ்டர்!

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. டிராய் நகரம் எரிஞ்சப்போ வயசான அப்பாவைத் தோள்ல தூக்கிட்டு தப்பிச்சு இத்தாலிக்கு வந்தவர் ஏனியஸ். அவரோட அம்மா வீனஸ். அவரோட மகனுக்கு இயூலஸ்னு ஒரு பேரு. அந்த இயூலஸ்தான் எங்க ஜூலியஸ் குடும்பத்துக்கு மூல புருஷன்னு அந்த வீட்டுக்காரங்க சொல்லிக்கிட்டாங்க. சீசர் பெரிய ஆளானதும் ஏனியஸ் அப்பாவைத் தூக்கிட்டு ஓடுற படத்தைக் காசுலயே அடிச்சார். கி.மு. 46-ல் 'தாய் வீனஸு'க்கு ரோம்ல கோயிலும் திறந்தார். கோயில் சாமிக்குத்தான். ஆனா பார்க்கிறவன் மனசுல என்ன ஓடும்? 'ஓஹோ, இது இவங்க வீட்டுப் பாட்டியம்மா!'

கி.மு. 44 மார்ச் 15. சீசரைக் குத்திக் கொன்னுட்டாங்க. உயிலைப் பிரிச்சுப் பார்த்தா அக்கா தங்கச்சி வழிப் பேரன் ஒருத்தனைத் தத்து எடுத்து, தன் பேரையும் சொத்துல பெரும்பங்கையும் அவனுக்கு எழுதி வெச்சிருக்கார். பேரு ஆக்டேவியஸ். வயசு பதினெட்டு. அப்போ அவன் இன்றைய அல்பேனியாவுல இருக்கிற அப்போலோனியாவுல படிச்சிட்டிருந்தான். ஆமாங்க, ஹாஸ்டல் பையன்!

கயிறு திரிச்சவர் பேரன்

இந்தப் பையனோட ஒரிஜினல் லேபிள் என்ன? அப்பா செனட்ல இருந்தவர்தான். ஆனா பரம்பரைப் பெரிய வீடு கிடையாது. எதிரி ஆன்டனி விடுவானா? 'உன் முப்பாட்டன் அடிமையா இருந்து விடுதலை ஆனவன், கயிறு திரிச்சுப் பொழைச்சவன், உன் தாத்தா காசு மாத்திக் கொடுக்கிற வட்டிக்கடைக்காரன்'னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சான். அம்மா வழி முன்னோர் ஒருத்தர் வாசனைத் திரவியக் கடையும் ரொட்டிக் கடையும் வெச்சிருந்தார்னும் கிண்டல் பண்ணினான். இதையெல்லாம் சூட்டோனியஸ்ங்கிற வரலாற்று ஆசிரியர் எழுதி வெச்சிருக்கார். நூல் திரிக்கிற ஊர்க்காரங்க நமக்குக் கயிறு திரிச்சதுல என்ன கேவலம்னு தோணும். ரோம்ல அது பெரிய கேவலம்.

பையன் அழுதுக்கிட்டு உட்காரலை. லேபிளை மாத்தினான்.

அந்த வருஷம் ஜூலை மாசம் சீசர் நினைவா விளையாட்டு விழா நடத்தினான். அதிர்ஷ்டம் பாருங்க, அந்த நாள்கள்ல வானத்துல ஒரு வால் நட்சத்திரம்! 'அது சீசரோட ஆன்மா, கடவுள்கள் கூட்டத்துல சேர்ந்துடுச்சு'ன்னு ஜனங்க பேசிக்கிட்டாங்க. சீசர் சிலை தலையில நட்சத்திரம் ஏறுச்சு. கி.மு. 42 தொடக்கத்துல செனட் தீர்மானமே போட்டு சீசரைக் கடவுளாக்கிடுச்சு. அப்பா கடவுள்னா பையன் யாரு? கணக்கு சிம்பிள். அதுக்கப்புறம் அவன் பேருக்குப் பின்னாடி 'கடவுளின் மகன்'னு நிரந்தரமா ஒட்டிக்கிச்சு. கி.மு. 27-ல் 'அகஸ்டஸ்'ங்கிற பட்டம். கி.மு. 8-ல் ஒரு மாசத்துக்கே அவர் பேரு. ஜூலை அப்பா பேரு, ஆகஸ்ட் பையன் பேரு. இன்னைக்கும் நம்ம கம்பெனி சம்பளச் சீட்டுல ரெண்டு பேரும் உட்கார்ந்திருக்காங்க, பாருங்க.

தத்துப் பையன், பாட்டி வழிச் சொந்தம், கயிறுக்காரர் கொள்ளுப்பேரன். உரிமை எவ்வளவு பலவீனமோ லேபிள் அவ்வளவு பெருசு. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

லேபிளுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. சீசருக்கும் கிளியோபாட்ராவுக்கும் பிறந்த பையன்னு சொல்லப்பட்ட சிசேரியன்னு ஒருத்தன் எகிப்துல இருந்தான். கி.மு. 30-ல் அவனுக்குப் பதினேழு வயசு. உங்க வீட்டு பிளஸ் டூ தம்பி மாதிரி. எகிப்தைப் பிடிச்ச கையோட அகஸ்டஸ் அவனைக் கொல்லச் சொல்லிட்டார். சீசர் மகன்னு ரெண்டு பேரு இருந்தா லேபிளுக்கு மரியாதை ஏது?

சாட்சி சொன்னவருக்குப் பத்து லட்சம்

கி.பி. 14-ல் அகஸ்டஸ் செத்தார். உடலை எரிச்சப்போ, அவர் வானத்துக்கு ஏறிப் போனதை என் கண்ணால பார்த்தேன்னு நுமேரியஸ் அட்டிகஸ்ங்கிற செனட்டர் சத்தியம் பண்ணினார். அவருக்கு அகஸ்டஸோட மனைவி லிவியா பத்து லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தாங்கன்னு எழுதியிருக்கு. அப்போ ஒரு சாதாரணப் படைவீரனோட வருஷச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஒரு 'பார்த்தேன்'க்கு ஆயிரத்து நூறு வருஷச் சம்பளம்! செனட் தீர்மானம் போட்டுது. அகஸ்டஸும் கடவுள் ஆனார்.

நம்ம ஊர்ல கிடைச்ச அகஸ்டஸ் காசோட பின்பக்கம் ரெண்டு பசங்க நிப்பாங்க. காயஸ், லூசியஸ். அகஸ்டஸோட மகள் வயித்துப் பேரன்கள். தாத்தா அவங்களைத் தன் பிள்ளைகளாவே தத்தெடுத்துட்டார். காசுல அவங்களுக்குக் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? 'இளைஞர்களின் தலைவர்கள்'! தாத்தா கட்சி ஆரம்பிச்சாச்சு, பேரன்களுக்கு இளைஞரணி. ஆனா லூசியஸ் கி.பி. 2-லயும், காயஸ் கி.பி. 4-லயும் செத்துப் போயிட்டாங்க. ஒருத்தனுக்கு இருபது வயசுகூட ஆகலை. இன்னொருத்தனுக்கு 23. கடவுளோட பேரன்களைக் காய்ச்சலும் காயமும் கண்டுக்கவே இல்லை. காசு மட்டும் கப்பலேறி நம்ம ஊருக்கு வந்துட்டே இருந்துச்சு.

எல்லா ரோமானிய ராஜாவும் இப்படியான்னு கேட்டா, இல்லைங்க. கி.பி. 25-ல் ஸ்பெயின்காரங்க 'உங்களுக்கு ஒரு கோயில் கட்டிக்கிறோம்'னு வந்து நின்னப்போ டைபீரியஸ் வேண்டாம்னுட்டார். நான் சாகப் போற மனுஷன், மனுஷன் வேலையைத்தான் செய்யறேன்னு செனட்லயே பேசினார். வெஸ்பாசியன்னு ஒருத்தர், கி.பி. 69-ல் பதவிக்கு வந்தவர். அப்பா வரி வசூல் பண்ணினவர், இவரே ஒரு காலத்துல கோவேறு கழுதை வியாபாரம் பார்த்தவர். ராஜாவானதும் சில ஜால்ராக்கள் அவர் குடும்பத்தை ஹெர்குலிஸோட கூட்டாளி வரைக்கும் கொண்டு போய் இணைக்கப் பார்த்தாங்க. மனுஷன் அவங்க மூஞ்சிக்கு நேராவே சிரிச்சுட்டார். சாகக் கிடந்தப்போகூட, 'ஐயோ, நான் கடவுளாயிட்டு வர்றேன் போலிருக்கே'ன்னு ஜோக் அடிச்சாராம். செம ஆளு!

தலையில ஒரு வெட்டு

இந்த வழிபாடு நம்ம பக்கமும் எட்டிப் பார்த்திருக்கு. பாய்டிங்கர் வரைபடம்னு ஒரு பழைய ரோமானிய சாலை வரைபடத்தோட பிரதி இருக்கு. அதுல முசிறிக்குப் பக்கத்துல ஒரு கட்டடம் போட்டு 'அகஸ்டஸ் கோயில்'னு எழுதியிருக்கு! மிளகும் கல்லும் வாங்க வந்த வியாபாரிங்களுக்கு ராஜா கோயில் எதுக்கு? ரோமப் பேரரசு முழுக்க அதுதான் விசுவாசத்தைக் காட்டுற வழி. ஆசியா மைனர் பக்கம் ராஜாவுக்கு யார் கோயில் கட்டறதுன்னு ஊருக்கு ஊர் போட்டியே நடந்துச்சு. கோயில் கிடைச்ச ஊருக்கு மரியாதை, திருவிழா, வியாபாரம். தலைவர் வர்ற ரோட்டுல யாரு பெரிய கட்-அவுட் வைக்கறதுன்னு நடக்கிற போட்டி புதுசு இல்லை பாஸ்.

நம்மாளுங்க அந்தக் கடவுள் காசை என்ன பண்ணினாங்க? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம். 1898-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துல 501 ரோமானியத் தங்கக்காசு கிடைச்சுது. அதுல பெரும்பாலான காசுகள்ல ராஜா தலை மேல உளியால ஒரு வெட்டு! இனி இது காசா செல்லாது, தங்கமா மட்டும்தான்னு அடையாளம் போட்டதுதான் அந்த வெட்டுன்னு அறிஞர்கள் ஒரு விளக்கம் சொல்றாங்க. வேற சில இடங்கள்ல காசுக்கு வளையம் வெச்சு, ஓட்டை போட்டு, கழுத்துல கோத்துப் போட்டுக்கிட்டாங்க. அங்க சாமி, இங்க காசுமாலை. ஒரு ஊர் தெய்வம் அடுத்த ஊருக்கு வந்ததும் எடைக்கு எடை உலோகமாயிடுச்சு.

நம்ம ராஜாக்கள் மட்டும் என்னவாம்?

'பார்த்தியா, ரோமாக்காரன் பீலா விட்டிருக்கான்'னு சிரிக்க ஆரம்பிச்சுட்டீங்களா? இருங்க, நம்ம வீட்டுக் கதைக்கு வருவோம்.

புறநானூற்றுல கபிலர் ஒரு குறுநில மன்னனைப் பார்க்கப் போறார். பேரு இருங்கோவேள். பாரி செத்துட்டார், அவர் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் மாப்பிள்ளை தேடணும். கபிலர் அவன் குலப் பெருமையை எடுத்து விடறார்: ஒரு முனிவரோட வேள்விக் குண்டத்துல தோன்றி, துவரையை ஆண்டு, 49 தலைமுறையா வந்த குடின்னு. 49 தலைமுறைப் பெருமையையும் காதுல வாங்கிக்கிட்டு, இருங்கோவேள் மாட்டேன்னுட்டான். அடுத்த பாட்டுல கபிலர் அவனை வெளுத்து வாங்கறார். பரம்பரை இருந்துச்சு, பண்பு இல்லை.

அடுத்து சோழர். 1905-ல் வெளியே வந்த திருவாலங்காட்டுச் செப்பேடு முதலாம் ராஜேந்திரனோடது. வம்ச வரிசை சூரியன்லேர்ந்து ஆரம்பிக்கும். மனு, இக்ஷ்வாகு, புறாவுக்குத் தசை கொடுத்த சிபின்னு வரிசையா வந்து, ரொம்ப நேரம் கழிச்சுத்தான் நமக்குத் தெரிஞ்ச விஜயாலயன் வருவார். பாண்டியர் சந்திர குலம். கலிங்கத்துப் பரணியில 'இராச பாரம்பரியம்'னு ஒரு பகுதியே இருக்கு. திருமால்லேர்ந்து ஆரம்பிச்சு முதலாம் குலோத்துங்கன்ல வந்து முடியும்.

இந்தக் குலோத்துங்கன் யாருன்னு பாருங்க. அப்பா கீழைச் சாளுக்கியர், வேங்கி நாட்டுக்காரர். அம்மாதான் ராஜேந்திர சோழனோட மகள். 1070-ல் சோழ சிம்மாசனத்துல உட்கார்ந்தவர், அம்மா வழியில வந்தவர். அகஸ்டஸ் ஞாபகம் வருதா? வாசல் வழியா வந்தவனைவிட சந்து வழியா வந்தவனுக்குத்தான் பெரிய வம்சக் கதை வேணும். குலோத்துங்கன் திறமைசாலிதான், அரை நூற்றாண்டு ஆண்டவர். ஆனா திறமையை மட்டும் காட்டி சிம்மாசனம் கேட்க முடியாத காலம் அது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லணும். நம்ம ராஜாக்கள் பெரும்பாலும் 'நானே சாமி'ன்னு நேரா சொல்லலை. ராஜராஜன் தன்னை 'சிவபாதசேகரன்'னு சொல்லிக்கிட்டார், சிவன் பாதத்தைத் தலையில சூடினவன்னு. ஆனா தஞ்சாவூர்ல கட்டின கோயிலுக்கு ராஜராஜேஸ்வரம்னு பேரு வெச்சார். செத்த ராஜாவுக்குப் பள்ளிப்படைன்னு கோயில் எழுப்பினாங்க. மேல்பாடியில தாத்தா அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எழுப்பினது அப்படி ஒண்ணு. உள்ளே இருக்கிறது சிவலிங்கம், பேரு ராஜாவோடது. நம்ம மொழியே இதுக்குச் சாட்சி: 'இறை'ன்னா அரசனும்தான், கடவுளும்தான். கோயில்ங்கிறதும் முதல்ல 'கோ'வோட இல், ராஜா வீடு.

இதுக்கெல்லாம் முந்தின ஒரு கல்லு நம்ம பக்கத்துலயே இருக்கு. நொய்யல் காவிரியில கலக்குற இடத்துக்குக் கிட்ட, புகளூர் ஆறுநாட்டார் மலை. அங்க தமிழ்-பிராமி எழுத்துல சேரர் கல்வெட்டு. செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ. இந்தப் பையன் இளவரசன் ஆனப்போ ஒரு சமணத் துறவிக்கு இருப்பிடம் வெட்டிக் கொடுத்த செய்தி. காசுல காயஸ், லூசியஸுக்குப் போட்ட மாதிரியே இதுவும் ஒரு வாரிசு அறிவிப்புதான். ஆனா சூரியன் இல்லை, சந்திரன் இல்லை. தாத்தா, அப்பா, பையன். மூணே பேரு. பக்கத்துலயே அந்தப் பையன் செஞ்ச ஒரு வேலை.

கீழேர்ந்து மேல போன சாமிங்க

சாமியாக்குறது எல்லாமே மோசடியா? அப்படியும் சொல்லிட முடியாது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டுப் பூ வெச்ச ஊர் இது. கொங்குல அண்ணமார் சாமி கும்பிடாத ஊர் ஏது? பொன்னர்-சங்கர் கதையிலயும் சிவன் கொடுத்த வரம், தெய்வீகப் பிறப்பு எல்லாம் இருக்கு. 1965-ல் பிரெண்டா பெக்ங்கிற கனடா நாட்டு மானுடவியலாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்துல தங்கி, ராத்திரி ராத்திரியா உடுக்கடிச்சுப் பாடினவங்ககிட்டேர்ந்து அந்தக் கதையை டேப்புல பதிவு பண்ணினாங்க.

ரோமுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்க செனட் தீர்மானம் போட்டு, சாட்சிக்குக் காசு கொடுத்து மேலேர்ந்து இறக்கின சாமி. இங்க தோத்துப் போய், செத்துப் போனவங்களுக்காக ஜனங்க மனசு கேட்காம கீழேர்ந்து ஏத்தின சாமி. 1932 ஜனவரியில தடியடி வாங்கி, கையில கொடியோட விழுந்து, உயிரை விட்ட திருப்பூர் குமரனுக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நினைவிடம் இருக்கே, அங்க யாராவது அவரோட 49 தலைமுறையைக் கேட்கிறாங்களா? அவர் பிடிச்சிருந்தது கொடி. அது போதும்.

இப்ப உங்க கழுத்து லேபிளுக்கு வருவோம்

சரி பாஸ், சீரியஸா ஒரு விஷயம். ராஜா போய் ரொம்ப நாளாச்சு. ஆனா 'ஆண்ட பரம்பரை'ங்கிற ஸ்டிக்கர் பைக் பின்னாடி ஒட்டியிருக்கு. ஒவ்வொரு வாட்ஸ்அப் குரூப்புலயும் ஒரு வம்சாவளி சுத்துது. சேரன் எங்காளு, சோழன் எங்காளுன்னு ஹாஸ்டல் ரூம்ல சண்டை. ஒரே ராஜாவுக்கு நாலஞ்சு சாதிக்காரங்க பேனர் வைக்கிறாங்க. இது சும்மா தமாஷோட நின்னா சிரிச்சுட்டுப் போயிடலாம்.

2016 மார்ச் 13. நம்ம மாவட்டத்து உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம். பட்டப்பகல். 22 வயசு இன்ஜினியரிங் மாணவர். தலித் இளைஞர். வேற சாதியில பிறந்த பொண்ணைக் கல்யாணம் பண்ணி எட்டு மாசம்தான் ஆகியிருந்துச்சு. வெட்டிக் கொன்னாங்க. மனைவிக்கும் வெட்டு. கேமராவுல பதிவானதை நாடே பார்த்துச்சு. சிசேரியனைக் கொன்னதுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டாயிரம் வருஷம். 'ரத்தம்', 'குலம்'னு பேச ஆரம்பிச்சா அது கடைசியில எந்த வயசுப் பையன் மேல வந்து விழும்னு பாருங்க. உங்க வயசுப் பையன் மேலதான்.

ஒரு கணக்கு போடுவோம். உங்களுக்கு அப்பா அம்மா 2 பேரு. அப்பாரு-ஆத்தா, அப்பிச்சி-அம்மாயி 4 பேரு. அதுக்கு மேல 8. இப்படியே 20 தலைமுறை போனா 10 லட்சத்துக்கு மேல. 30 தலைமுறை, அதாவது சுமாரா 750 வருஷம் போனா 107 கோடி! அன்னைக்கு உலக ஜனத்தொகையே அதுல பாதிகூட இல்லை. அப்படின்னா ஒரே ஆளுங்க திரும்பத் திரும்ப வந்தாகணும், உங்க மரமும் என் மரமும் எங்கேயோ பின்னிக்கிட்டாகணும். அத்தனை பேர்ல ஒரு ராஜா இருந்திருக்கலாம். கூடவே அவருக்குச் சலவை பண்ணினவரும், செருப்பு தைச்சவரும், கயிறு திரிச்சவரும், ஏர் ஓட்டினவரும் உங்க தாத்தாதான். ராஜாவை மட்டும் எடுத்து கழுத்துல தைச்சுக்கிட்டு, மீதிப் பேரை எல்லாம் கட்டிங் வேஸ்ட்ல போடறது நியாயமா?

அதனால அடுத்த தடவை யாராவது வம்சப் பெருமை பேசினா சண்டைக்குப் போகாதீங்க. மூணே கேள்வி கேளுங்க. இந்தக் கதையை முதல்ல சொன்னது யாரு? எப்போ சொன்னாங்க? அப்போ அவங்களுக்கு என்ன தேவைப்பட்டுச்சு? அத்தை இழவுல சீசருக்கு ஓட்டு தேவைப்பட்டுச்சு. பதினெட்டு வயசுல ஆக்டேவியஸுக்குப் படை தேவைப்பட்டுச்சு. குலோத்துங்கனுக்குச் சிம்மாசனம். உங்க குரூப்புல ஃபார்வர்டு பண்றவருக்கு என்ன தேவைன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

கடைசியா இந்த வார ஹோம்வொர்க். புகளூர் கல்வெட்டு மாதிரி மூணு பேரு போதும். உங்க அப்பா, அப்பாரு, அவரோட அப்பா. பேரு, என்ன வேலை பார்த்தாங்க, எந்த ஊர்லேர்ந்து எந்த ஊருக்கு வந்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அப்படியே அம்மா, அம்மாயி, அவங்க அம்மா பேரும். (அந்தக் கல்லுல பொம்பளைங்க பேரு ஒண்ணுகூட இல்லை, நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க.) நிறையப் பேருக்கு நாலாவது பேருலயே பேனா நின்னுடும். வெட்கப்பட வேண்டாம். பனியன் கம்பெனியில கைமடியா சேர்ந்து டெய்லர் ஆனவரோ, மதுரைப் பக்கத்துலேர்ந்து ஒரு டிரங்குப் பெட்டியோட பஸ் ஏறி வந்தவரோ, மானாவாரிக் காட்டை வித்துட்டுத் தறி போட்டவரோ உங்க நோட்டுல வருவாரு. அவங்க இன்னும் உயிரோட இருந்தா இன்னைக்கே போய்க் கேளுங்க. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து டீ குடிக்கிற நேரம் பார்த்துக் கேளுங்க, நல்லா பேசுவாங்க.

எழுதி முடிச்சதும் நமக்கும் ஒரு காப்பி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம் பாஸ்!